புகை போட்டுவிட்டால் கறி கெடாதா?

பண்ணை வீடு வைத்திருப்பவர்களிடம் இப்போது ஒரு புது ஆசை கிளம்பியிருக்கிறது. யூடியூபில் அமெரிக்க மலைப்பகுதிக்காரர் யாரோ ஒருவர் மரப்பலகையில் சின்ன அறை கட்டி, உள்ளே முழுப் பன்றித்தொடையைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் புகை போடுவதைப் பார்த்துவிட்டு, அதையே தோட்டத்து மூலையில் செங்கல் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். நான் கால்நடை மருத்துவர், இறைச்சி சுகாதாரம் என் துறை. கட்டி முடித்த பிறகுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள், "சார், ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க" என்று.

அவர்கள் எல்லோரிடமும் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: புகை பட்ட கறி கெடாது. அது சரியில்லை. கறியைக் காப்பது உப்பு, வறட்சி, குளிர். புகையில் உள்ள பீனால்களும் அமிலங்களும் கிருமிகளை ஓரளவு அடக்கும், ஆனால் மேல்தோலைத் தாண்டி அதிகம் போகாது. அமெரிக்காவில் வர்ஜீனியா, டென்னசி பக்கம் பழைய நாளில் பன்றி அறுத்ததே டிசம்பர், ஜனவரிக் குளிரில்தான். தொடைக்கறி உப்புக்குள் வாரக்கணக்கில் கிடக்கும், அதுவும் நம் ஃபிரிட்ஜ் அளவு குளிரில். உப்பு எலும்புவரை இறங்கிய பிறகுதான் ஹிக்கரி மரப்புகை, அதுவும் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல். கடைசியில் பச்சைக்கறியின் எடையில் 18 சதவீதமாவது குறைந்திருந்தால்தான் அங்கே அதை 'கன்ட்ரி ஹாம்' என்று விற்க முடியும். இங்கே சித்திரை மாதத்தில் அடுப்பே பற்றவைக்காமல் வேப்பமர நிழலில் 36 டிகிரி இருக்கிறது. அந்தச் சூட்டில், வெதுவெதுப்பான புகைக்குள் முழுத்தொடையைத் தொங்கவிடுவது கிருமிக்கு விருந்து வைப்பதுதான். 5 முதல் 60 டிகிரிவரை அவை குஷியாகப் பெருகும்.

நம்மூர் மாசிக் கருவாட்டைச் சொல்வீர்கள். சூரையை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டைபோல் காயவைத்தது அது, உள்ளே ஈரமே மிச்சமில்லை. உப்புக்கண்டமும் உப்பும் வெயிலும்தான். நாகாலாந்தில் அடுப்புக்கு மேலே பன்றிக்கறியைத் தொங்கவிடுகிறார்கள், ஆனால் துண்டுகளாகப் போட்டு, சாப்பிடுமுன் மூங்கில்குருத்தோடோ அக்குனி என்கிற புளிக்கவைத்த சோயாவோடோ நன்றாக வேகவைத்துவிடுவார்கள்.

ஆகவே நம் வெயிலுக்குச் சூடான புகை ஒன்றுதான் வழி. அறை 110 முதல் 120 டிகிரியில் நிற்க வேண்டும், கறி புகையிலேயே வெந்துவிட வேண்டும்.

கட்டுமானம் பெரிய வித்தையில்லை. செங்கல்லும் களிமண் கலவையும் போதும். நெருப்பு எரியும் இடம் கறிக்கு நேர் கீழே இல்லாமல் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கட்டும். கொழுப்பு சொட்டி நெருப்பில் விழுந்தால் எழும் கரும்புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் வருகின்றன. புகைபோக்கியில் திறந்து மூடத் தகடு வேண்டும். புது அறையென்றால் கறி தொங்கவிடாமல் சில நாள் சின்ன நெருப்பு போட்டுச் சுவரைக் காயவிடுங்கள். கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம், கொக்கிக்கும் கம்பிக்கும் துத்தநாகம் பூசியதும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். ஓலைக்கொட்டகை, வைக்கோல்போர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஒரு தோட்டத்தில் அடுப்பிலிருந்து அறைக்குப் புகை கொண்டுபோகக் குழாய் பதித்திருந்தார்கள். மேலே சிமென்ட் பூசி அழகாகத்தான் இருந்தது. முனையில் கை வைத்துப் பார்த்தால் சாம்பல் நிற பிவிசி, போர்வெல் போட்டபோது மிஞ்சியதாம். உள்பக்கம் இளகி, வாய் கோணிப்போயிருந்தது. அந்தப் புகையில்தான் அதுவரை கோழி வெந்திருக்கிறது! பிவிசி சூடாகிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். சுடுமண் குழாயோ, செங்கல் கால்வாயோ போட்டால் இந்த வம்பே இல்லை.

விறகுக்கு மா, கொய்யா, புளி எல்லாம் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பைன் மரப் பேக்கிங் பெட்டி, பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம் எதுவும் உள்ளே போகக் கூடாது. வேலியில் வெட்டிப்போட்ட அரளிக்குச்சி கலந்துவிடாமல் பாருங்கள், அதன் புகையும் விஷம்தான். புகைபோக்கியில் மெல்லிசாக நீலம் ஓடினால் நல்ல எரிப்பு. குபுகுபுவென்று வெள்ளையாக வந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை, கறி கசக்கும். அறைக்குள் தலையை நீட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கறி விஷயத்தில் நான் கறாரான ஆள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அறுத்து, பத்து மணிவரை கடையில் தொங்கிய கறியை நேரே புகைக்குக் கொண்டுபோகாதீர்கள். காலையிலேயே வாங்கி, கோழியை இரண்டாகப் பிளந்து, மற்ற கறியை இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் வெட்டி, லிட்டருக்கு 60 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் ஃபிரிட்ஜுக்குள் ஒரு ராத்திரி வையுங்கள். அப்புறம் எடுத்துத் துடைத்து, ஃபிரிட்ஜிலேயே மேல்பக்கம் காயவிட்டால் புகை சீராகப் பிடிக்கும்.

வெந்துவிட்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது. புகைவாயு, கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வெந்த கறியிலும் ஓரத்தில் ரோஜா நிறம் நிற்கும், வேகாத கறி வெளியே கருகியும் இருக்கும். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். எலும்பில் முட்டாமல் கனமான இடத்தில் குத்துங்கள், கோழிக்கு 74 டிகிரி காட்ட வேண்டும். பன்றி, ஆட்டுத் துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்கிறது அமெரிக்க விவசாயத்துறை. நான் எதற்கும் 71 வரை விடச் சொல்வேன்.

இளஞ்சிவப்பு உப்பு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வெளிநாட்டு வீடியோவில் வருவது 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்த உப்பு. சாதாரண உப்போடு குழம்பிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே நிறமேற்றியது. நம் கடையில் கிடைக்கும் இந்துப்பும் அதே நிறம், ஆனால் அதில் நைட்ரைட் கிடையாது. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் பாதுகாப்பில்லை, மறுபக்கம் அளவு மீறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. வெந்து, நாலு நாளில் தின்று தீர்க்கிற கறிக்கு இதெல்லாம் தேவையில்லை.

வெந்த கறி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், வெளியே 32 டிகிரிக்கு மேலிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள். 'புகை போட்டதுதானே' என்று வேக்குவம் பாக்கெட்டில் அடைத்து இன்ஸ்டாகிராமில் விற்று, சாதாரண கூரியரில் அனுப்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பகீரென்கிறது. காற்றில்லாத இடத்தில்தான் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி நஞ்சைச் சுரக்கும், பல சமயம் நாற்றமோ நிறமாற்றமோ இருக்காது. வழக்கமாக 12 முதல் 36 மணி நேரத்தில் இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், விழுங்க முடியாது, அப்புறம் மூச்சுத் தசைகள் முடங்கும். இப்படி ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன கறி, எப்போது சாப்பிட்டது என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மிச்சமிருக்கும் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.