நோயின் பெயர் அப்புறம். முதலில் படம் எடுத்த விதம்

மருத்துவ மாணவர் கையில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயைக் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேட்டால், நாலைந்து விநாடியில் ஒரு நோயின் பெயர் வந்து விழும். நிமோனியா, டி.பி., ஹார்ட் பெரிதாக இருக்கிறது. சில சமயம் அது சரியாகவும் இருக்கும். இந்தப் படத்தை நிற்கவைத்து எடுத்தார்களா, படுக்கவைத்து எடுத்தார்களா என்று அடுத்துக் கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும். ரேடியாலஜி போஸ்டிங்குக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான்.

வழக்கமான நெஞ்சுப் படத்தில் நோயாளி டிடெக்டரில், அதாவது படத்தைப் பதிவுசெய்யும் தகட்டில், நெஞ்சை ஒட்டி நிற்பார். கதிர் முதுகு வழியாக நுழைந்து முன்பக்கம் வரும். இது பி.ஏ. படம். இதயம் நெஞ்சின் முன்பகுதியில், டிடெக்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நிழல் ஏறக்குறைய உள்ள அளவிலேயே விழும். எழுந்து நிற்க முடியாதவருக்குப் படுக்கையிலேயே ஏ.பி. படம் எடுப்பார்கள். டிடெக்டர் முதுகுக்குக் கீழே, கதிரை அனுப்பும் டியூப் மேலே, அதுவும் குறைந்த தூரத்தில். இதயம் டிடெக்டரை விட்டு விலகிவிடுவதால் நிழல் பெரிதாகிறது. படுத்திருப்பவரால் மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்கவும் முடியாது; அது இதயத்தை இன்னும் அகலமாகக் காட்டும். இதயத்தின் அகலம் நெஞ்சுக்கூட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்தக் கணக்கு பெரியவர்களின் பி.ஏ. படத்துக்குச் சொன்னது. அதைக் கொண்டுபோய் ஐ.சி.யூ. படங்களில் போட்டுப் பார்த்தால் அங்கே பாதிப் பேருக்கு இதயம் வீங்கிவிடும்.

நீரும் காற்றும் இதே கதைதான். நிற்பவருக்கு நுரையீரல் உறையில் நீர் கோத்தால் அது கீழே இறங்கி, விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் கூரான மூலையை மழுங்கடிக்கும். அதற்கே சுமார் 200 மில்லி நீர் வேண்டும். அதே நோயாளி படுத்திருந்தால் நீர் முதுகுப் பக்கம் பரவிக்கொள்ளும். படத்தில் அந்தப் பக்கம் லேசாக மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். காற்று இதற்கு நேர் எதிர். நிற்பவருக்கு நுரையீரலின் உச்சியில் தேட வேண்டிய நியூமோதோராக்ஸை (நுரையீரல் உறைக்குள் காற்று சேர்வது), படுத்திருப்பவருக்கு முன்பக்கமும் அடிப்பக்கமும் தேட வேண்டும். ஒரு பக்கத்து மூலை மட்டும் வழக்கத்தைவிட ஆழமாக, கறுப்பாக இறங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க நின்ற நிலையில் எக்ஸ்ரே கேட்கிறோம் என்றால், நோயாளி சில நிமிடமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால்தான் காற்று உதரவிதானத்துக்கு அடியில் போய்ச் சேரும். படுத்தபடி எடுத்த படத்தைப் பார்த்து ‘உதரவிதானத்துக்குக் கீழே காற்று இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

உடல் திரும்பியிருக்கிறதா, மூச்சு போதுமா என்பதெல்லாம் அரை நிமிட வேலை. இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுமுனையிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். முன்புற விலா எலும்புகளில் ஐந்தாறு உதரவிதானத்துக்கு மேலே தெரிய வேண்டும். சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது நிழல்களுக்கு வருவோம்.

எக்ஸ்ரேக்கு உடலில் தெரிவது நான்கே சாயல்தான்: காற்று, கொழுப்பு, நீர், எலும்பு. வெளியிலிருந்து உள்ளே போன உலோகத்தைச் சேர்த்தால் ஐந்து. தசை, ரத்தம், சீழ், இதயம் எல்லாம் நீர் என்ற ஒரே சாயலில் அடங்கிவிடும். அப்படியானால் இதயத்தின் ஓரம் நமக்கு எப்படித் தெரிகிறது? பக்கத்தில் காற்று நிரம்பிய நுரையீரல் இருப்பதால். அந்தக் காற்று இருந்த இடத்தில் சீழ் நிரம்பிவிட்டால் இரண்டும் ஒரே சாயலாகி ஓரம் அழிந்துவிடும். இதைத்தான் சில்ஹவுட் சைன் என்கிறோம். இதயத்தின் வலது ஓரம் மறைந்தால் கோளாறு வலது நுரையீரலின் நடுமடலில். இடது ஓரம் மறைந்தால் லிங்குலாவில், அதாவது இடது மேல்மடலின் நாக்கு போன்ற கீழ்ப்பகுதியில். உதரவிதானத்தின் கோடு மறைந்தால் கீழ்மடலில். வலப்பக்கம் கீழே ஒரு வெண்மை இருந்தும் இதயத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறது என்றால், அந்த வெண்மை இதயத்தை ஒட்டி இல்லை, பின்னால் கீழ்மடலில் இருக்கிறது. ஒரு தட்டையான படத்திலிருந்து முன்னும் பின்னும் சொல்ல முடிகிறதே, எனக்கு இன்றும் இது பிடித்தமான விஷயம். மாணவர்கள் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டுவிட்டால் பாதி நெஞ்சு எக்ஸ்ரே வசப்பட்டுவிடும்.

நோய்ப் படங்களைச் சேர்த்துவைத்துப் படிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நார்மல் படங்களைச் சலிக்கச் சலிக்கப் பாருங்கள். ஒருவர் குரல் பழகியவருக்குத்தான் அவருக்குத் தொண்டை கட்டியிருப்பது பளிச்சென்று தெரியும். தேர்வுக்கு இது உதவாது என்பார்கள். டியூட்டி இரவில் உதவும்.

கண்ணை அப்படியே நம்பவும் கூடாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 24 ரேடியாலஜிஸ்ட்டுகளுக்கு நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி வைத்திருந்தார்கள், சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரிதாக. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்த இடத்தின் மேலேயே போயிருந்தது. எதைத் தேடுகிறோமோ அதுதான் கண்ணில் படும். இதன் இன்னொரு வடிவம், ஒரு கோளாறு கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவது. அதனால்தான் படத்தைக் கீழே வைக்குமுன் நுரையீரலின் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே, விலா எலும்புகள், தோள்கள் என்று ஒரு சுற்று வரச் சொல்கிறோம்.

சி.டி.க்கு வந்தால் சாயல்கள் எண்களாகிவிடும். நீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 சுமார், புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60, 70 என்ற அளவில். இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர் வைத்திருக்கிறார்கள், சி.டி.க்காக 1979இல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் விண்டோவை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைவரை காட்டும் எண்களின் எல்லையை, மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். மூளைக்கான விண்டோவில் மட்டும் பார்த்துவிட்டு எலும்பு முறிவு இல்லை என்று சொல்லாதீர்கள். அதே விண்டோவில் மண்டையோட்டை ஒட்டிய மெல்லிய ரத்தக்கசிவும் எலும்பின் வெண்மையோடு கலந்துவிடும். விண்டோவை அகலப்படுத்தினால்தான் பிரிந்து தெரியும்.

இன்னொன்று. பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. நார்மலாகவே இருக்கலாம். ‘சி.டி. நார்மல், அதனால் ஸ்ட்ரோக் இல்லை’ என்று நோயாளியின் உறவினரிடம் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் சி.டி. எடுப்பதே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க. ரத்தக்குழாய் அடைப்பால் மூளையில் வரும் பாதிப்பை எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படங்கள் (திசுவில் நீரின் அசைவைக் காட்டுபவை) வெகு சீக்கிரமே காட்டிவிடும். ஆனால் அந்த அறைக்குள் போகுமுன் நினைவிருக்கட்டும்: ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அவசரத்தில் சாதாரண ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனால் அது நோயாளியை நோக்கிப் பாயும்.

கடைசியாக ரிக்வெஸ்ட் ஃபார்ம். ‘வயிற்று வலி, சி.டி. அப்டமன்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் எப்படி எடுப்பது என்று நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகக் கல் என்று சந்தேகமா? கான்ட்ராஸ்ட் (படத்தில் வெள்ளையாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து) வேண்டாம், அது சிறுநீரில் இறங்கி வெள்ளையாகத் தெரிந்து கல்லையே மறைத்துவிடும். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டதா என்ற சந்தேகமா? கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்தால் பெரும்பாலும் வீண். வலி எங்கே, எப்போதிலிருந்து, முன்பு என்ன அறுவை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று இரண்டு வரி எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. உலகில் ஒருவருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கதிர் கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1க்கும் குறைவு. வயிற்று சி.டி. ஒன்று 8, 10 வரை போகும். தேவையென்றால் தயங்காமல் எடுக்க வேண்டும். ஆனால் கேள்வியைச் சரியாக எழுதாததால் இரண்டாம் முறை எடுப்பதை எந்த நோயாளியிடமும் நியாயப்படுத்த முடியாது.

போஸ்டிங் நாட்களில் ரிப்போர்ட்டைப் படிக்காமல் படத்தை மட்டும் திறந்து, உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே நாலு வரி எழுதிப் பாருங்கள். நோயின் பெயர் வேண்டாம். எங்கே, எந்தச் சாயல், எந்த ஓரம் மறைந்திருக்கிறது என்று எழுதினால் போதும். அப்புறம் உண்மையான ரிப்போர்ட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். புரியாவிட்டால் ரிப்போர்ட் எழுதியவரிடமே போய்க் கேளுங்கள். போகும்போது அந்த நோயாளியின் பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.