சாவி ஒன்று, அலமாரிகள் பல: ஆங்கில வினை தன் எழுவாயைத் தேடும் விதம்

'தி கீ டு தி கேபினெட்ஸ்' (அலமாரிகளின் சாவி) என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அடுத்து வர வேண்டிய வினை ஒருமைக்குரிய 'வாஸ்' என்பதா, பன்மைக்குரிய 'வேர்' என்பதா? பேச்சு சாவியைப் பற்றியது. சாவி ஒன்றே ஒன்று. ஆகவே 'வாஸ்' என்பதே சரி. இது தெரிந்தும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சின் வேகத்தில் அவ்விடத்தில் 'வேர்' என்று சொல்லிவிடுகிறார்கள். இலக்கண அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாத இந்தப் பிழையை, மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராயும் உளமொழியியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். வாக்கியத்தை மனம் எவ்வாறு கட்டுகிறது, கட்டியதை நினைவிலிருந்து எவ்வாறு மீட்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

எழுவாய்க்கும் வினைக்கும் இடையிலான இயைபு, அதாவது எழுவாய்க்கேற்ப வினையின் வடிவம் மாறுவது, இன்றைய ஆங்கிலத்தில் மிகவும் சுருங்கிவிட்ட ஒன்று. பழைய ஆங்கிலத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமைகளுக்குத் தனித்தனி விகுதிகளும் பன்மைக்கு வேறொரு விகுதியும் இருந்தன. அவை காலப்போக்கில் தேய்ந்து, இன்று நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் வரும் 'ஸ்' ஒன்றுதான் பொதுவாக எஞ்சியிருக்கிறது. அதுவும் வடக்கு வட்டார வழக்கிலிருந்து பரவியதே. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அதன் இடத்தில் 'எத்' என்ற பழைய விகுதியைக் காணலாம். இறந்தகாலத்தில் 'வாஸ்', 'வேர்' என்னும் இணையைத் தவிர எழுவாய்க்கேற்ப மாறும் வடிவமே இல்லை. இவ்வளவு எளிய அமைப்பில் ஏன் இந்தத் தடுமாற்றம்?

காரணம் சொற்களின் வரிசையில் தொடங்குகிறது. 'அலமாரிகளின் சாவி துருப்பிடித்திருந்தது' என்று தமிழில் எழுதும்போது அடைமொழி முன்னால் வந்துவிடுகிறது. எழுவாயாகிய சாவி வினையை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்திலோ 'டு' போன்ற முன்னிடைச்சொல்லோடு கூடிய அடை, பெயருக்குப் பின்னால் வருகிறது. ஆகவே சாவிக்கும் வினைக்கும் நடுவில் அலமாரிகள் புகுந்துகொள்கின்றன.

இதைச் சோதனைக்கூடத்தில் முறையாக அளந்தவர்கள் கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்னும் இரு ஆய்வாளர்கள். 1991இல் வெளியான அவர்களுடைய ஆய்வின் முறை எளிமையானது: மேலே கண்டது போன்ற ஒரு தொடக்கத்தைப் பங்கேற்பாளர் காதால் கேட்க வேண்டும், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், தமக்குத் தோன்றியபடி முழு வாக்கியமாக முடிக்க வேண்டும். எழுவாய் ஒருமையாகவும் இடையில் வரும் பெயர் பன்மையாகவும் இருந்தபோது, வினை பன்மைக்குத் தாவும் பிழைகள் தெளிவாகக் கூடின. ஆனால் சாவிகள் பலவாகவும் அலமாரி ஒன்றாகவும் மாற்றிக் கொடுத்தபோது பிழை ஏறக்குறைய நேரவே இல்லை. அருகில் இருக்கும் பெயரைப் பார்த்து வினை ஏமாந்துபோகிறது என்ற வழக்கமான வகுப்பறை விளக்கம் இங்கேயே உடைந்துவிடுகிறது. அருகாமை மட்டும் காரணமென்றால் இரு திசையிலும் பிழை ஒரே அளவில் நேர வேண்டும். ஆங்கிலத்தில் ஒருமைக்குத் தனி அடையாளம் இல்லை, பன்மைக்கு உண்டு. அடையாளம் தாங்கிய பெயருக்கே பிற சொற்களின் கணக்கில் குறுக்கிடும் வலிமை இருக்கிறது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அப்படியானால் ஏமாற்றுவது 'ஸ்' என்ற ஒலியா? பாக், கேத்லீன் எபர்ஹார்ட் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். 'கோர்ட்ஸ்' (நீதிமன்றங்கள்) என்பது பன்மை. 'கோர்ஸ்' (படிப்பு) என்பது அதே போல ஒலித்தாலும் ஒருமை. பன்மைபோல் ஒலிக்கும் இத்தகைய ஒருமைச் சொற்கள் பிழையைத் தூண்டவில்லை. 'ஆர்மி' (படை) போலப் பலரைக் குறித்தாலும் இலக்கணத்தில் ஒருமையாக நிற்கும் சொற்களும் இடையில் வந்தபோது தூண்டவில்லை. ஒலியும் அல்ல, பொருளும் அல்ல. ஒருமை, பன்மை என்ற இலக்கண எண் என்னும் கண்ணுக்குத் தெரியாத குறியைத்தான் மனம் கையாள்கிறது. இத்துறையின் முடிவுகளில் மிக அழகானது இதுவே என்பது என் எண்ணம்.

ஜூலி ஃப்ராங்க், கேப்ரியெல்லா விக்லியோக்கோ, ஜேனட் நிக்கல் மூவரும் 2002இல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார்கள். எழுவாய்க்குப் பின் இரண்டு பெயர்கள் அடுக்காக வரும் தொடர்களை அவர்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 'நிறுவனத்தின் தலைவர்களுக்கான மிரட்டல்' என்பது ஆங்கில வரிசையில் மிரட்டல், தலைவர்கள், நிறுவனம் என அமையும். வினைக்கு மிக அருகில் நிற்பது நிறுவனம். ஆனால் அதைவிட நடுவில் உள்ள பெயரின் பன்மைதான் அதிகப் பிழைகளை உண்டாக்கியது. வாக்கியத்தின் உள்கட்டமைப்பில் எழுவாய்க்கு நெருங்கியது அந்த நடுப்பெயரே. பேசுபவரின் மனம் சொற்களை வரிசையாக அல்ல, கிளைகளாக அடுக்கி வைத்திருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

வாசிப்பில் கதை சற்று வேறுபடுகிறது. மேத்யூ வேகர்ஸ், எலன் லாவ், காலின் ஃபிலிப்ஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், பிழையான வாக்கியத்தைப் படிப்பவர் வழக்கமாக வினையருகே சற்றுத் தாமதிப்பார். இடையில் ஒரு பன்மைப் பெயர் இருந்தால் அந்தத் தாமதம் குறைந்துவிடும். ஆனால் சரியான வாக்கியத்தில் அதே பன்மைப் பெயர் படிப்பவரைக் குழப்புவதில்லை. அவர்கள் தரும் விளக்கம் இது: எதிர்பார்த்த வினை வந்தால் மனம் திரும்பிப் பார்ப்பதில்லை; எதிர்பாராத பன்மை வினை வந்தால் மட்டும் 'பன்மை எழுவாய் எங்கே?' என்று நினைவில் தேடுகிறது. அத்தேடலில் அலமாரிகள் அகப்பட்டு, எல்லாம் சரியே என்ற மயக்கத்தைத் தருகின்றன. மெய்ப்புத் திருத்துபவரின் கண்ணுக்கு இவ்வகைப் பிழை தப்பிவிடுவது இதனால்தான் போலும். பேச்சு, வாசிப்பு இரண்டுக்கும் ஒரே விளக்கம் போதுமா என்ற விவாதம் தொடர்கிறது.

கணினிகளையும் இதே சோதனைக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். 2016இல் தால் லின்சென், இமானுவேல் டூப்பூ, யோவ் கோல்ட்பெர்க் மூவரும் ஆங்கில விக்கிப்பீடியா வாக்கியங்களைக் கொண்டு நரம்பியல் வலைப்பின்னல் (தரவுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரல்) ஒன்றுக்குப் பயிற்சி தந்தார்கள். வினை ஒருமையா, பன்மையா என்பதையே நேரடியாகக் கற்பித்தபோது ஒட்டுமொத்தப் பிழை 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. ஆனால் எழுவாய்க்கும் வினைக்கும் இடையில், எழுவாய் ஒருமையானால் பன்மையாகவும் பன்மையானால் ஒருமையாகவும் உள்ள பெயர்கள் கூடக்கூடப் பிழையும் ஏறியது. அடுத்த சொல்லை ஊகிக்க மட்டும் பழகிய வலைப்பின்னல் அத்தகைய வாக்கியங்களில் இன்னும் மோசமாகவே தடுமாறியது.