டயரில் எழுதியிருக்கும் 185 யாருடைய அகலம்?

தன் காரின் டயர்கள் ஒல்லியாக இருக்கின்றன என்று மச்சானுக்கு வெகுநாளாக ஒரு குறை. பைபாஸ் ரோட்டு டயர் கடைக்கு நாலையும் மாற்றப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய டயர் 185/65 R15. கடைப் பையன் காரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, "205/60 போட்டுடலாம் சார். இதே ரிம்ல ஏறிடும். பாக்க கும்முனு இருக்கும்" என்றான். மச்சான் என்னைப் பார்த்தார். நான் கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தைப் பார்த்தேன்.

ரிம்மில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்ததும் பொறித்திருந்த எழுத்து தெரிந்தது: 15×5½J. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 5½ அதன் அகலம். J என்பது டயரைத் தாங்கிப் பிடிக்கும் ஓர விளிம்பின் வடிவத்துக்கு உரிய குறி. அந்த அகலத்தை டேப் வைத்து வெளியே அளந்தால் ஏமாந்துபோவோம். ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாகக் காட்டும். இரண்டு விளிம்புகளின் உள்முகங்களுக்கு நடுவே, டயர் உட்காரும் இடத்தில் அளப்பதுதான் கணக்கு.

டயரின் எண்ணுக்கு வருவோம். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். தரையில் படும் பட்டையின் அகலம் அல்ல, இரண்டு பக்கச் சுவர்களும் அதிகபட்சமாகப் புடைத்து நிற்கும் இடத்தின் அகலம். 65 என்பது சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65. இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாத சங்கதி, அந்த 185 ஒரு குறிப்பிட்ட ரிம்மில் மாட்டிக் காற்றடித்தால் மட்டுமே ஏறத்தாழ 185 என்பது. ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஓர் 'அளவு ரிம்' நிர்ணயித்திருக்கிறார்கள். 185/65 R15-க்கு அது 5.5 அங்குலம். இதே டயரை 6 அங்குல ரிம்மில் ஏற்றினால் சுமார் 5 மி.மீ. விரிந்துவிடும். 5 அங்குலத்தில் அதே அளவு சுருங்கும். ரிம் அரை அங்குலம் மாறினால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. மாறும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. ஆயிற்றே, டயர் ஏன் 5 மட்டும் விரிகிறது? பிள்ளைக்குத் தூளி கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் ஒரே கொக்கியில் மாட்டினால் சேலை பையாகத் தொங்கி வயிறு பிதுங்கும். முனைகளை விலக்கிக் கட்டினால் பை நிமிர்ந்து விறைக்கும். முனைகள் விலகிய அளவுக்கு வயிறு அகலாது. டயரின் இரு முனைகள் அதன் உள்விளிம்பில் ஓடும் எஃகுக் கம்பி வளையங்கள், அதாவது பீட். ரிம் அகலமானால் பீட்கள் விலகுகின்றன. வளைந்திருந்த சுவர் நிமிர்கிறது. விரிவில் ஒரு பகுதி அந்த நிமிர்வதிலேயே செலவாகிப்போகிறது.

ஆக, டயருக்கு வடிவம் கொடுப்பது காற்று மட்டுமல்ல, ரிம்மும்தான். சிறிது வித்தியாசத்தை டயர் பொறுத்துக்கொள்ளும். 185/65 R15-க்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை அனுமதி உண்டு. 205/55 R16-க்கு 5.5 முதல் 7.5 வரை. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமான வம்பு.

அகல டயரைக் குறுகிய ரிம்மில் திணிப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. பீட்கள் நெருங்கி, சுவர்கள் வெளியே பிதுங்கி, பட்டையின் நடுப்பகுதி மேடாகிறது. காற்றைச் சரியாக வைத்திருந்தாலும் நடுவிலேயே தேயும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ரிம் முதலில் நகரும், பட்டை தரையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் பின்தங்கும். பிதுங்கிய சுவர் அந்த இடைவெளியில் மடங்கிக் கொடுக்கும். வண்டி 'நீந்துகிறது' என்று ஓட்டுநர்கள் சொல்வது இப்படியும் வரும். சுவர் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு சூடாகும். மே மாத மதியத்தில் முழுச் சுமையோடு நான்குவழிச் சாலையில் போகும்போது டயருக்கு வேண்டாத விஷயம் அந்தச் சூடுதான்.

எதிர்ப்பக்கம், குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டுவது. ஸ்டைலுக்காகவே இதைச் செய்கிறவர்கள் உண்டு; எனக்கு அது புரிவதே இல்லை. சுவர் சரிந்து நிற்பதால் பள்ளத்தின் அடியை வாங்க வேண்டிய ரப்பர் உள்ளே ஒதுங்கிவிடுகிறது. அலாய் சக்கரத்தின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நடைபாதைக் கல்லில் முதலில் உரசுவது அதுதான். இதைவிடப் பெரிய பயம் பீட் கழன்றுவருவது. ட்யூப்லெஸ் டயரில் பீட் ரிம்மோடு அழுந்தியிருப்பதால்தான் காற்று நிற்கிறது. அது உள்ளே சரியாமலிருக்க ரிம்மில் ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள். கடையில் காற்று ஏற்றும்போது 'டப், டப்' என்று இரண்டு சத்தம் கேட்கிறதே, பீட்கள் அந்த மேட்டைத் தாண்டித் தாம் உட்காரும் இடத்தில் விழும் சத்தம் அது. இழுத்து மாட்டிய டயரில் காற்றும் குறைந்து, வேகமாக ஒரு வளைவும் எடுத்தால், தாண்டி வந்த வழியிலேயே பீட் திரும்பிப் போக வாய்ப்பு அதிகம்.

சுவர் குட்டையாகக் குட்டையாக, டயரின் அகலத்தோடு ஒப்பிட்டால், ரிம்மும் அகலமாக வேண்டியிருக்கிறது. 165/80 R14-க்கு அளவு ரிம் 4.5 அங்குலம், டயர் அகலத்தில் 69 சதவீதம். 185/65 R15-க்கு 76 சதவீதம். 205/55 R16-க்கு 6.5 அங்குலம், 81 சதவீதம். 225/45 R17-க்கு 7.5 அங்குலம், 85 சதவீதம். 132 மி.மீ. உயரச் சுவர் வளைந்து சமாளித்துக்கொள்ளும். 101 மி.மீ. சுவருக்கு வளைய இடமே இல்லை. ரிம்தான் டயரின் அகலத்தை நெருங்கி வந்து நிற்க வேண்டும்.

சரி, அகல டயர் போட்டால் தரையில் அதிக ரப்பர் படாதா? பெரும்பாலோர் நினைக்கும் அளவுக்கு இல்லை. காரைத் தாங்குவது காற்றழுத்தம். ஒரு சக்கரத்தில் 275 கிலோ, காற்று 33 பி.எஸ்.ஐ. என்றால் தரையில் படும் பரப்பு தோராயமாக 120 சதுர செ.மீ.; ஒரு அஞ்சலட்டைகூட இல்லை. டயரை அகலமாக்கினால் அட்டை பெரிதாவதைவிட, குறுக்காகத் திரும்பிக்கொள்கிறது என்று சொல்லலாம். வளைவில் அது உதவும். மழைநீரைக் கிழித்துக்கொண்டு போவதற்கு உபத்திரவம்.

கடையில் நான் போட்ட கணக்கு இதுதான். 205/60 R15-க்கு அளவு ரிம் 6 அங்குலம், குறைந்தபட்சம் 5.5. பையன் சொன்னது பொய்யில்லை, ஏறும். ஆனால் எல்லைக் கோட்டில் நின்றுகொண்டு ஏறும். அளவு ரிம்மைவிட அரை அங்குலம் குறைவு என்பதால் 205 அங்கே சுமார் 5 மி.மீ. சுருங்கிவிடும். "205-க்குக் காசு கொடுத்துட்டு 200-ஐ ஓட்டுவீங்க மச்சான்" என்றேன்.

ரிம்மையே மாற்றலாம் என்றான் பையன், 6½ அங்குல அலாய் காட்டி. ரிம் ஒரு அங்குலம் அகலமானால், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறாத பட்சத்தில், உள்ளே 12.7 மி.மீ., வெளியே 12.7 மி.மீ. நீளும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே எதில் உரசும் என்று பார்த்தாக வேண்டும். சுமைக் குறியையும் பார்க்க வேண்டும்: பழைய டயரில் 88 இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 82 என்றால் 475 கிலோதான். புதியதில் அந்த எண் இறங்கவே கூடாது. கம்பெனி ஒப்புக்கொண்ட அளவுகள் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும்.

"அப்ப 195/65?" என்றார் மச்சான், பேரம் பேசுகிற குரலில். அதற்கும் அளவு ரிம் 6 அங்குலம். நம் ரிம்மில் அதுவும் சுமார் 5 மி.மீ. சுருங்கும். விட்டம் 621.5-லிருந்து 634.5 மி.மீ. ஆவதால் ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது வண்டி முன்பைவிட இரண்டு கி.மீ. வேகமாகப் போகும்.

"அஞ்சு மில்லிமீட்டருக்கா இவ்வளவு பேச்சு?" என்று சிரித்துவிட்டு, 185-ஐயே எடுத்துவரச் சொன்னார். பையன் மெஷினில் ஏற்றிக் காற்றடித்தான். டப். கொஞ்ச நேரம் சத்தமில்லை. சோப்புத் தண்ணீரை இன்னொரு முறை தடவினான். டப்.