சனிக்கிழமை டுரியான், திங்கட்கிழமை டயாலிசிஸ்

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், எங்கள் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு கம்பத்து டுரியான் (நாட்டு டுரியான்) மரம் நின்றது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மலேசியக் காடுகளில் தானாக வளரும் டுரியான் 40 மீட்டர் வரைகூடப் போகும். அதன் பூ மாலையில்தான் விரியும், இரவில் வௌவால்கள் தேனுக்கு வரும், விடிவதற்குள் இதழ்கள் கொட்டிவிடும். அப்புறம் மூன்று நான்கு மாதத்தில் பழம் முற்றித் தானே விழும். விடியற்காலையில் 'தொம்' என்று சத்தம் கேட்டால் அப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார். அந்த மரத்தடியில் வளர்ந்த எனக்கு, டுரியான் சாப்பிடாதீர்கள் என்று ஒருவரிடம் சொல்வது லேசான வேலை இல்லை.

ஆனால் அதுதான் என் வேலை. சிறுநீரகம் கெட்டவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் நிலையம் ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். டுரியான் காய்க்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திங்கட்கிழமை காலையென்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வெள்ளிக்குப் பிறகு அடுத்த முறை திங்கள்தான். செவ்வாய், வியாழன், சனி முறையில் வருபவருக்கு ஞாயிறும் திங்களும் இடைவெளி. மற்ற நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெளியேறும் கழிவு, அப்போது இரண்டு நாள் சேர்ந்து நிற்கிறது. டுரியான் விருந்து நடப்பதும் அதே வார இறுதியில்தான். பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து வருவார்கள், பகாங் மாநிலத்து ரௌப் பக்கம் போய் ஒரு கூடை டுரியான் வாங்கி வருவார்கள், ஐந்தடியில் (வாசல் நடைபாதையில்) பேப்பர் விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்வார்கள். அந்த வட்டத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்?

அறுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர் அப்படியொரு திங்கட்கிழமை வந்தார். கால் இரண்டும் கனமாக இருக்கிறது, படி ஏற முடியவில்லை என்றார். இரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது உப்பு லிட்டருக்கு 6.8 மில்லிமோல். சரியான அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை. உடனே இசிஜி எடுத்து, மருத்துவரை அழைத்து, டயாலிசிஸ் தொடங்கினோம். பிழைத்துக்கொண்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று மூன்று முறை கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, சோறுதான்." நான்காவது முறை, அவர் மனைவி வெளியே போன பிறகு சொன்னார்: "பழந்தானேம்மா. சீனி போட்டா தின்னேன்?"

அந்தக் கேள்வியில்தான் சிக்கலே இருக்கிறது. சிறுநீரகம் கெட்டவர்களில் பெரும்பாலானோர் இனிப்பு நீரில் (நீரிழிவில்) தொடங்கி இங்கே வந்தவர்கள். பல வருடமாகச் சீனியை எண்ணிப் பழகியவர்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் எல்லோருக்கும் சீனியைத் தெரியும், பொட்டாசியத்தைத் தெரியாது. பழத்தில் அது நாக்குக்குத் தெரிவதில்லை.

நூறு கிராம் டுரியான் சதையில் ஏறக்குறைய 436 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ பழத்தில் சுமார் 400 கிராம் சதை தேறும் என்று வைத்துக்கொண்டால், ஒரே பழத்தில் 1,700 மில்லிகிராம். நான்கு வாழைப்பழத்துக்குச் சமம். டயாலிசிஸ் நோயாளிக்கு நாள் முழுவதற்கும் நாங்கள் வழக்கமாகச் சொல்லும் அளவே 2,000 முதல் 2,500 வரைதான். சாதாரண ஆளுக்கு இது பிரச்சினையே இல்லை, சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாதவருக்கு அது இரத்தத்திலேயே தங்கி இதயத் துடிப்பைக் கெடுக்கும். சிலருக்குக் கால் கனக்கும், கை மரத்துப்போகும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் இதயம் நேராக நின்றுவிடுவதும் உண்டு.

கீரை, உருளைக்கிழங்கை நறுக்கி வேகவைத்து நீரை வடித்தால் பொட்டாசியம் கொஞ்சமாவது குறையும். டுரியானுக்கு அந்த வழி இல்லை. டோடோல் (கிண்டிய இனிப்பு), தெம்போயாக் (புளிக்கவைத்த டுரியான்) என்று உருமாறினாலும் பொட்டாசியம் எங்கேயும் போவதில்லை. டுரியான் ஓட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடித்தால் சூடு தணியும் என்று நம் பெரியவர்கள் செய்வார்கள். அந்தத் தண்ணீர் பொட்டாசியத்தை எடுக்காது. உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் கூட்டும், அந்தத் தண்ணீர் இவர்களுக்கு நுரையீரலில் போய் நிற்கும். தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

இன்னும் டயாலிசிஸுக்கு வராத, ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களும் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் "என் பொட்டாசியம் எவ்வளவு?" என்று கேட்டு, அந்த எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பாவை மிரட்டாதீர்கள். மிரட்டினால் ஒளித்துச் சாப்பிடுவார், எங்களிடமும் மறைப்பார். அந்த ஐயா என்னிடம் மறைத்ததும் மனைவி திட்டுவாரே என்றுதான். சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தால் திங்கள் வரை காத்திருக்காமல், அன்றே உங்கள் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். எத்தனை சுளை, எப்போது என்று சொல்லுங்கள். கால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ போனும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஐயா வீட்டு டுரியான் விருந்து இப்போது மகள் வீட்டுக்கு மாறிவிட்டது. அவர் போவதில்லை. போன வாரம் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இந்த வருசம் பழம் நல்லா காய்ச்சிருக்காமா?" என்று கேட்டார். காய்த்திருக்கிறது என்றேன்.