அயற்சாவி: பேரில்தான் சாவி, இண்டெக்ஸ் நாம்தான் போட வேண்டும்

தரவுத்தளத்தில் ஃபாரின் கீ (இன்னோர் அட்டவணையின் வரிசையைக் காட்டும் நெடுவரிசை) போட்டாச்சு, இண்டெக்ஸ் (தேடுவதை வேகமாக்கும் வரிசைப்படுத்திய பட்டியல்) தானாக வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். நானும் சில வருஷம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். இந்தக் குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லாலேயே வருகிறது என்பது என் கட்சி. ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசையைப் பிரைமரி கீ (முதன்மைச் சாவி) என்று அறிவித்தால் இண்டெக்ஸ் கூடவே வருகிறது, இதுவும் 'கீ'தானே, இதற்கும் வரும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது.

ஃபாரின் கீ என்ற சொல் கணினி அறிவியலாளர் எட்கர் காட் கொடுத்தது. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தபோது 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையில், தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புநிலைத் தரவுத்தளம் என்ற யோசனையோடு இதுவும் வருகிறது. ஒரு நெடுவரிசை தன் அட்டவணைக்கு முதன்மைச் சாவி இல்லை, ஆனால் அதில் உள்ள மதிப்புகள் இன்னோர் அட்டவணையின் முதன்மைச் சாவி மதிப்புகள், அவ்வளவுதான் ஃபாரின் கீ. அந்த 'இன்னோர்' அட்டவணை இதே அட்டவணையாகவும் இருக்கலாம் என்று ஒரு இடம் விட்டிருக்கிறார். ஊழியர் அட்டவணையில் மேலாளர் எண் இருக்கிறதே, அது அப்படித்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரையில் இண்டெக்ஸ் பற்றியும் தனியாகப் பேசுகிறார், அது வேகத்துக்காக மட்டும் இருக்கிற சமாச்சாரம், நிரல்கள் அதை நம்பி இருக்கக் கூடாது என்று. அதாவது சாவி அர்த்தத்தின் பக்கம், இண்டெக்ஸ் வேகத்தின் பக்கம். முதல் நாளிலிருந்தே இரண்டும் வேறு.

தமிழில் என்ன சொல்வது? 'அந்நியச் சாவி' என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. அந்நியன் என்றால் உறவே இல்லாதவன். இங்கே உறவைக் காட்டத்தானே சாவியே இருக்கிறது. 'அயல் விசை' என்றும் பார்த்திருக்கிறேன், அது விசைப்பலகையில் அமுக்கும் விசையைக் கொண்டுவந்து இங்கே வைத்தது, தப்பு. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் கதவுக்கு வெளியே என்ற பொருளில் வருவது. நம் 'அயல்' அதற்கு நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அயல் என்றால் தூரதேசம் மட்டும் இல்லை, பக்கத்து வீடும்தான். யாழ்ப்பாணத்தில் அக்கம்பக்கத்தை அயலட்டை என்பார்கள், மலையாளத்தில் அயல்காரன் என்றால் அடுத்த வீட்டுக்காரன். சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, இலங்கையில் திறப்பு என்பார்கள், திறவுகோல் என்றும் சொல்லலாம். ஆனால் அயல், திறப்பு இரண்டையும் புணர்த்தி 'அயற்றிறப்பு' என்று யாரும் வாயில் நுழைக்கப் போவதில்லை. அயற்சாவி போதும்.

இண்டெக்ஸ் கொஞ்சம் சிக்கல். லத்தீனில் அது சுட்டுவிரல், காட்டிக்கொடுப்பவன் என்றும் பொருள். நாம் 'அட்டவணை' என்று மொழிபெயர்த்தால் டேபிளும் அட்டவணை, இண்டெக்ஸும் அட்டவணை. அட்டவணைக்கு அட்டவணை போடு என்றால் யாருக்குப் புரியும்? 'சுட்டி'யை மவுஸ் எடுத்துக்கொண்டது. சொல்லடைவு என்று சங்க நூல்களுக்குப் போடுகிறார்களே, எந்தச் சொல் எந்தப் பாட்டில் எந்த அடியில் என்று அகர வரிசையில், அதுதான் அச்சு அசலாக இண்டெக்ஸ். ஆகவே என் ஓட்டு அடைவுக்கு. (கோப்புறையையும் சிலர் அடைவு என்கிறார்கள். இருக்கட்டும்.)

அடைவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ப்ளஸ் ஒன் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். குறிப்பேட்டில் தேதிவாரியாக நடவடிக்கைகள் எழுதுகிறோம், பக்கத்தில் பே.ப.எ. என்று ஒரு கட்டம், பேரேட்டுப் பக்க எண். அதில் 47 என்று இருந்தால் பேரேட்டில் 47ஆம் பக்கத்தைப் புரட்டினால் முருகேசன் கணக்கு. அந்த 47தான் அயற்சாவி. பேரேட்டில் பக்க எண் வரிசையாக இருப்பதால் போவது சுலபம். சரி, திரும்பி வருவது? முருகேசன் கணக்கை அழிக்க வேண்டும், அவர் பேரில் குறிப்பேட்டில் ஏதாவது பதிவு இருக்கிறதா? குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினால்தான் தெரியும். அதற்காகத்தான் பேரேட்டிலும் கு.ப.எ. என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தத் திரும்பி வரும் வழிதான் அயற்சாவி மேல் நாம் போடும் அடைவு.

தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரஸ், எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள், எஸ்கியூலைட் நான்கும் கு.ப.எ. கட்டத்தை, அதாவது இந்த அடைவை, தாமாகப் போடாது. மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி மட்டும், ஏற்கெனவே பொருத்தமான அடைவு இல்லையென்றால், தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அங்கே பழகிவிட்டு போஸ்ட்கிரஸுக்கு வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆரக்கிளில் இன்னும் மோசம், அடைவில்லாத அயற்சாவி இருந்தால் பெற்றோர் அட்டவணையில் (சாவி காட்டும் அட்டவணை) ஒரு வரிசையை அழிக்கும்போது பிள்ளை அட்டவணை (சாவி இருக்கும் அட்டவணை) முழுவதற்கும் பூட்டு விழும், மற்றவர்கள் அதில் எழுதக் காத்திருக்க வேண்டும். சாவி என்று பெயர், வேலை பூட்டுவது.

நான் மாட்டியது போஸ்ட்கிரஸில். ஒரே ஒரு வாடிக்கையாளர் வரிசையை அழிக்க 20 வினாடிக்கு மேல் ஆனது. தரவுத்தளம் எந்த வழியில் வேலை செய்யப் போகிறது என்று சொல்லும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையை வெறுமனே போட்டுப் பார்த்தால் பிரைமரி கீ அடைவு வழியாகத்தான் போகிறது, குறையே தெரியவில்லை. எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்றால் வேலையை நிஜமாகவே செய்து நேரத்தைக் காட்டும், ஆகவே பிறகு ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கிவிடலாம் என்று ஒரு டிரான்சாக்ஷனுக்குள் அதை ஓட்டினேன். அழிக்கிற வேலை ஒரு மில்லிவினாடிகூட இல்லை, மொத்த நேரமும் கடைசியில் 'டிரிக்கர் ஃபார் கன்ஸ்ட்ரெயின்ட்' என்று இருந்த ஒரு வரியில், அதாவது அழிக்கும் வாடிக்கையாளரை அயற்சாவி வழியாக யாராவது காட்டுகிறார்களா என்ற சோதனையில். ஆர்டர் அட்டவணையில் மூன்று கோடி வரிசை, அத்தனையையும் ஆதியிலிருந்து வாசித்திருக்கிறது. 500 பேரை அழித்தால் இதே வாசிப்பு 500 தடவை. வாடிக்கையாளர் எண்ணின் மேல் ஓர் அடைவைப் போட்டேன், அடைவு உருவாகும்போது அட்டவணையில் எழுதும் வேலைகள் நிற்காமல் இருக்க கட்டளையில் கன்கரண்ட்லி என்ற சொல்லையும் சேர்த்து. அப்புறம் அதே அழிப்பு கண் சிமிட்டும் நேரம்.

எல்லா அயற்சாவிக்கும் போட வேண்டுமா என்றால் இல்லை. ஒவ்வொரு அடைவும் எழுதும்போது கூடுதல் வேலை. மாநிலம், நாணயம் மாதிரி யாரும் அழிக்காத, அதை வைத்துத் தேடாத அட்டவணையைக் காட்டும் சாவியென்றால் விட்டுவிடுங்கள். பல நெடுவரிசைகளைச் சேர்த்துப் போட்ட கூட்டு அடைவு ஏற்கெனவே இருந்தால் அதில் இந்த நெடுவரிசை முதலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தேதி முதலில், வாடிக்கையாளர் எண் இரண்டாவதில் இருந்தால் அதை நம்ப முடியாது, தனியாகப் போட்டுவிடுங்கள்.