மூப்பழற்சி: 'இன்ஃப்ளமேஜிங்' என்பதற்கு ஏற்ற தமிழ்

தொற்றோ காயமோ இல்லாதபோதும், வயது ஏற ஏற உடலுக்குள் ஓயாமல் நீடிக்கும் மெல்லிய அழற்சியே 'இன்ஃப்ளமேஜிங்'. இத்தாலிய நோயெதிர்ப்பியல் அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் 'இன்ஃப்ளமேஷன்', 'ஏஜிங்' இரண்டையும் ஒட்டி இச்சொல்லை உருவாக்கினார்கள்.

'இன்ஃப்ளமேஷன்' இலத்தீனில் தீச்சுடரைக் குறிக்கும் 'ஃபிளம்மா'விலிருந்து வந்தது. தமிழில் அழல் என்றாலும் நெருப்புதான். சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆயிற்று. பலர் இதை 'வீக்கம்' என்றே எழுதிவிடுகிறார்கள். அது பொருளைக் கெடுக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் சொன்ன அழற்சியின் அடையாளங்கள் நான்கு: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. மூப்பழற்சியில் இவற்றில் ஒன்றுகூட வெளியே தெரியாது. இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் சற்றே கூடியிருக்கும், அவ்வளவுதான். 'முதுமை அழற்சி' என்றால் முதியோருக்கு வரும் எந்த அழற்சியையும் குறித்துவிடும். மூத்தலோடு சேர்ந்தே வளர்வது என்ற பொருள் 'மூப்பு' என்பதில்தான் இருக்கிறது.

இந்த அழற்சி பெரிதும் பாதிக்கும் உறுப்புகளில் ஒன்று தைமஸ். மார்பெலும்புக்குப் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்கள் இங்கேதான் முதிர்கின்றன. அவற்றின் பெயரில் உள்ள 'டி' இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் இங்கே இரண்டு தேர்வுகளைக் கடக்க வேண்டும். வெளிப்புறமான புறணிப் பகுதியில், உடலின் அடையாளப் புரதங்களை உணர முடியாதவை மடிகின்றன. உட்புறமான அகணிப் பகுதியில், சொந்தத் திசுவையே தாக்கக்கூடியவை நீக்கப்படுகின்றன. மிகச் சிலவே தேறி வெளியே செல்கின்றன. பருவ வயதில் ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் எடையுள்ள தைமஸில் பிறகு கொழுப்பு படிப்படியாக இடம்பிடிக்கிறது. பாலின ஹார்மோன்கள் இதை விரைவுபடுத்துகின்றன. இந்தத் தேர்வுகளை நடத்தும் தைமஸின் மேலணிச் செல்களை (எபிதீலியல் செல்கள்) தாங்கிநிற்கும் ஃபாக்ஸ்-என்1 மரபணுவின் செயல்பாடும் குறைகிறது.

இங்கேதான் சிக்கல் வட்டமாகிறது. அழற்சிப் புரதங்கள் மேலணிச் செல்களை நலிவிக்கின்றன. நலிந்த தைமஸில் இரண்டாம் தேர்வு தளர்கிறது. தப்பி வரும் செல்கள் சொந்தத் திசுவைச் சீண்டி அழற்சியை மேலும் கூட்டுகின்றன. புதிய டி செல்களின் வரத்தும் குறைவதால், உடல் இதுவரை சந்தித்திராத கிருமியை எதிர்கொள்ளத் திணறுகிறது. பெரியவர்களுக்குத் தைமஸ் வேண்டியதில்லை என்ற பழைய எண்ணத்தைக் கைவிடத்தான் வேண்டும். தைமஸ் அகற்றப்பட்ட பெரியவர்களில் 8.1 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குள் இறந்ததாக 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறு மார்பறுவை செய்துகொண்டவர்களில் அது 2.8 விழுக்காடு. நடந்ததைக் கவனித்துப் பதிவுசெய்யும் நோக்காய்வு என்பதால் காரணத்தை இது முற்றாக நிறுவாது. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடு அன்று.

கடும் காய்ச்சலிலும் பட்டினியிலும் ஸ்டீராய்டு மருந்தாலும்கூட தைமஸ் சுருங்கும். ஆனால் அந்தச் சுருக்கம் பெருமளவு மீளக்கூடியது. அதை மூப்பழற்சியோடு சேர்க்கக் கூடாது. துத்தநாகக் குறைவாலும் தைமஸ் நலியும், குறைவைச் சரிசெய்தால் தேறும். குறைவே இல்லாதவர் மாத்திரையை அள்ளி விழுங்கினால் செம்புச்சத்துதான் குறையும்.

சி.ஆர்.பி. அளவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் முதலில் தொற்றையோ காயத்தையோ தேடி, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரே ஒரு சோதனைத் தாளை வைத்துக்கொண்டு யாருக்கும் மூப்பழற்சி என்று எழுதிவிட முடியாது. முழங்கால் வீங்கி வலிப்பதற்கும் இச்சொல் பொருந்தாது. அதற்கு மூட்டழற்சி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.