காப்பர் டி போதுமா, ஆபரேஷன் வேண்டுமா? அரசு மருத்துவமனையில் பெண்களுக்கு உள்ள கருத்தடை வழிகள்

இரண்டாவது பிரசவத்துக்குப் போனாலே "ஆபரேஷன் பண்ணிக்கிறீங்களா?" என்று குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைக் கேட்பார்கள். அதற்கான பதிலை ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே யோசித்து வைப்பது நல்லது. வலியில் துடிக்கும்போது எடுக்கும் முடிவு உங்கள் முடிவாக இருக்காது. மயக்க மருந்தின் பிடியில் இருப்பவரிடம் சம்மதம் வாங்கக் கூடாது என்பது அரசின் வழிகாட்டு விதியும்கூட.

குழந்தை போதும் என்று உறுதியாக இருந்தால் மட்டும் ஆபரேஷன். கொஞ்சமேனும் தயக்கம் இருந்தால் காப்பர் டி, அதாவது கருப்பைக்குள் வைக்கும் சிறு கருத்தடைச் சாதனம். ஆபரேஷன் செய்த 1000 பெண்களில் முதல் ஆண்டில் சுமார் 5 பேர் கருத்தரிக்கிறார்கள். காப்பர் டி வைத்தவர்களில் 6 முதல் 8 பேர். கருவைத் தடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் காப்பர் டி-யை எடுத்ததும் மறுபடி கருத்தரிக்கலாம். ஆபரேஷனில் வெட்டிய கருக்குழாயை மீண்டும் இணைப்பது பெரிய அறுவை சிகிச்சை, பலனும் நிச்சயமில்லை.

அரசு மருத்துவமனைகளில் காப்பர் டி இரண்டு வகை உண்டு: 380ஏ 10 ஆண்டுக்கு, 375 5 ஆண்டுக்கு. எது வைத்தார்கள், எப்போது எடுக்க வேண்டும் என்பதை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். தவறினால் 6 வாரம் கழித்து. பிரசவத்தையொட்டி வைத்தது நழுவி வெளியேறும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் 6-வது வாரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். முதல் 3 முதல் 6 மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடுதலாக இருக்கலாம். பலர் பயந்து எடுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் தானே குறையும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் கடும் வலி என்றால் உடனே போக வேண்டும். ஹார்மோன் இல்லாததால் தாய்ப்பாலுக்குத் தடையில்லை.

அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது, மருந்து வேகமாகக் கரைந்துவிடும். மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதம் பிடிக்கும். விரைவில் அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது.

சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. தொடங்கிய கிழமையை மாற்றக் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். மாலா-என் என்ற ஹார்மோன் கருத்தடை மாத்திரை தினம் ஒன்று. குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டாம். ரத்தக்கொதிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு வயது 22 முதல் 49 வரை இருக்க வேண்டும், திருமணமாகியிருக்க வேண்டும், ஒரு வயது கடந்த குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். கணவரின் கையெழுத்து தேவையே இல்லை. உங்கள் சம்மதம் போதும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் முதலில் ரத்தசோகையைச் சரிசெய்ய வேண்டும். பிரசவமான 7 நாட்களுக்குள் சிறு கீறல் முறையில் செய்வார்கள். சிறு துளை வழியாகக் கருவியை நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப் முறை என்றால் 6 வாரம் கழித்துத்தான். மாதவிடாயோ தாம்பத்திய நாட்டமோ இதனால் நின்றுவிடாது. கணவருக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனான வாசக்டமி இதைவிட எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. வீட்டில் அந்தப் பேச்சையும் அவசியம் எடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மாதவிடாய் தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் மருத்துவமனைக்குப் போங்கள். கருக்குழாயிலேயே கரு தங்கியிருந்தால் உயிருக்கு ஆபத்து. கருத்தரித்தது உறுதியானால் அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில் 60,000 ரூபாய் கேட்கலாம். தெரிந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆபரேஷன் சான்றிதழ் தேவை. ஒரு மாதம் கழித்தோ முதல் மாதவிடாய் வந்த பிறகோ அதைத் தருவார்கள். வீடு திரும்பிய பலர் வாங்க மறந்துவிடுவது இந்தத் தாளைத்தான்.